ஒரு நாளுக்கு 16 மைல்

(கல்லூரி ஒன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘இலக்கும் பழக்கமும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக இமயமலையில் ஏறிவிடுவார்கள். பெரிதாகக் கனவு காணுங்கள் என்பார்கள். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலை எழுந்ததும் என்ன செய்வது என்பது மட்டும் சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. எனக்கு மலையேறிப் பழக்கமில்லை. ஆகவே உங்களை இங்கிலாந்தின் கிராமச் சாலைகளுக்கு அழைத்துப் போகிறேன். குதிரைமேல் ஒரு தபால் அதிகாரி வருகிறார். அவர் பெயர் ஆன்டனி டிரோலப்.

ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இவர் நாவலாசிரியர். 47 நாவல்கள் எழுதியவர். எனக்கு இவர் முதலில் தபால்காரர்களின் மேலாளர். 1851 வாக்கில் இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்களில் கிராமத் தபால் வழிகளை வகுக்கும் வேலை இவரிடம் வந்தது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குத் தபால்காரர் நடக்க வேண்டும், எந்தப் பண்ணை வீட்டைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், வழியில் கிடைக்கும் கடிதங்கள் அவர் கூலிக்குக் கட்டுப்படியாகுமா என்று குதிரையில் சுற்றி அளந்து பார்த்தார். அதற்கு ஒரு விதி இருந்தது. ஒரு தபால்காரரை ஒரு நாளில் 16 மைலுக்கு மேல் நடக்கச் சொல்லக் கூடாது.

இந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கோடை, குளிர், மழை எதுவானாலும் நடக்க வேண்டிய தூரம் அது. நாளைக்கும், நாளன்றைக்கும் நடக்க வேண்டும். அப்படியானால் ஓர் ஓட்டப்பந்தய வீரனின் கால்களை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. சாதாரண மனிதன், சாதாரண நாளில், போய்விட்டுத் திரும்பி வந்து, மறுநாள் காலை மறுபடியும் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளும் தெம்போடு இருக்க வேண்டும். அதைக் கணக்கிட்டுத்தான் 16. இன்னொன்றும் கவனியுங்கள்: இது உச்ச வரம்பு. இலக்கு என்றால் ‘குறைந்தது இவ்வளவு’ என்றே நமக்குப் பழகிவிட்டது. ‘இதற்குமேல் வேண்டாம்’ என்று யாரும் சொல்வதில்லை.

ஊரார் நடைக்கு அளவு போட்டவர் தன் எழுத்துக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு. அவர் தன் சுயசரிதையில் இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. அத்தியாயங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பிறவியிலேயே ஒழுங்கானவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1834இல், 19 வயதில், லண்டன் தலைமைத் தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நேரத்துக்கு வரமாட்டார். எந்த நேரமும் வேலை போகும் நிலை. தையற்காரருக்குத் தர வேண்டிய 12 பவுன் பாக்கி ஒரு வட்டிக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்து, கடைசியில் 200 பவுனுக்கு மேல் கட்டித் தீர்த்திருக்கிறார். எதிர்காலத்தில் நாவலாசிரியர் ஆக வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்போதே இருந்தது. ஆசை ஏழு வருஷம் சும்மாவே இருந்தது. 1841இல் அயர்லாந்தில் பானகர் என்ற சிற்றூருக்கு, யாரும் விரும்பாத ஒரு வேலைக்குக் கேட்டுப் போனார். வேலை அவரைத் திருத்தியது; மணமும் ஆனது.

1847இல் முதல் நாவல் வெளிவந்தது. யாரும் வாங்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குப் பதிப்பாளர் முன்பணமாக 20 பவுன் கொடுத்தார். நான்காவதான ‘தி வார்டன்’ 1855இல் வந்தபோது, அந்த ஆண்டு இறுதியில் அவர் கைக்கு வந்தது 9 பவுன் 8 ஷில்லிங் 8 பென்ஸ். எழுத ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தொகைக்குக் கல் உடைக்கப் போயிருக்கலாம் என்று அவரே கிண்டலடித்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவது நல்லது. குரூப் ஒன் தேறுவது என் இலக்கு என்கிறீர்கள். நல்லது. எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை காலியிடம், வினாத்தாள் எப்படி வரும் என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. டிரோலப்புக்கும் வாசகர் எத்தனை பேர் என்பது கையில் இல்லை. எத்தனை பக்கம் என்பது இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு நாவல் தொடங்கும்போதும் ஒரு நாட்குறிப்பில் வாரம் வாரமாகக் கோடு போட்டுக்கொள்வார். அன்றன்று எத்தனை பக்கம் எழுதினோம் என்று அதில் குறிப்பார். பக்கம் என்றால் ஆளுக்கொரு பக்கம் அல்லவா? அதனால் 250 சொல் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, சொற்களை எண்ணியே எழுதினார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம். வேறு வேலை நெருக்கினால் 20 ஆகும். ஒரு வாரம் 112 வரை போயிருக்கிறது. இரண்டு நாள் சும்மா இருந்தால் அந்த வெற்றுக் கட்டங்கள் முகத்தில் அறையும்.

1859இல் லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகு இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்றது. காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல். எட்டரை மணிக்கு எழுந்து காலை உணவுக்கு உடை மாற்றப் போய்விடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டரை மணி நேரத்தில் 2,500 சொல், அவர் கணக்கில் பத்துப் பக்கம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓர் எழுத்தாளன் எழுதத் தேவையில்லை என்பது அவர் கட்சி. இது அவருடைய 16 மைல். அதன்பின் அலுவலகம், பருவத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது நரி வேட்டை, மாலையில் கிளப்பில் சீட்டாட்டம். பழக்கத்துக்கு ஒரு மேல்வரம்பு இருந்ததால் வாழ்க்கைக்கு இடம் இருந்தது.

பயணத்திலும் விடவில்லை. ரயில் பெட்டியில் மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதினார். 1858இல் தபால் வேலையாக எகிப்துக்குக் கப்பலில் போகும்போது கடல் கொந்தளிக்க, மேசையை விட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தில் ஒரு நாவல் முடிந்தது. மறுநாள் அடுத்ததைத் தொடங்கிவிட்டார். இது கொஞ்சம் அதிகம் என்று எனக்கே படுகிறது. வாந்தி வரும் நாளில் படுத்துக்கொள்வதில் தப்பில்லை.

‘முடிந்தவரை செய்’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அன்பான வார்த்தை. ஆனால் அதில் அளவு இல்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகளை வைத்து கேரி லேதம் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு ஒன்று 1975இல் வெளிவந்தது. சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதம்தான் லாரிகள் ஏற்றி வந்தன. முடிந்தவரை ஏற்றுங்கள் என்று சொல்லியும் பலனில்லை. 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். சன்மானம் எதுவும் கிடையாது. சில மாதங்களில் சுமை 90ஐ ஒட்டி வந்து நின்றது. இங்கேயும் பாருங்கள், எண் சட்ட வரம்புக்குக் கீழேதான் வைக்கப்பட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். டிரோலப்பின் ஒழுக்கத்தை வியக்கிறவர்கள் அவரை ஐந்தரை மணிக்கு எழுப்பியது யார் என்று கேட்பதில்லை. அவர் வீட்டில் ஒரு பழைய குதிரைக்காரர் இருந்தார். ஆண்டுக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம் கொடுத்து, தன்னை எழுப்பும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தார். அவர் காப்பியோடு வந்து எழுப்புவார். அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் ஒரு நாளும் தாமதித்ததில்லை என்றும், தன் வெற்றியில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்றும் டிரோலப் எழுதுகிறார். எழுப்புகிறவர் அதற்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். அவருடைய பழக்கத்தைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை.

ரயிலில் பென்சிலால் எழுதியதை மையில் படியெடுத்தவர் மனைவி ரோஸ். அதற்கும் பின்னால் இன்னொருவர் இருக்கிறார்: தாய் பிரான்சிஸ் டிரோலப். கணவர் கடனாளியாகி, வீடு ஜப்திக்குப் போய், குடும்பம் பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்தில் ஒளிந்திருந்த காலம். கணவர் நோயாளி, ஒரு மகன் எலும்புருக்கி நோயில் இறந்துகொண்டிருக்கிறான். மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, அந்த அம்மாள் இரவில் நோயாளிகளைக் கவனித்தபடியே நாவல் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 53ஆவது வயதில்தான் அவருடைய முதல் நூல் வந்தது. பிறகு நூற்றுக்கு மேல் தொகுதிகள். காலை நான்கு மணிக்கு மேசையில் இருப்பார். வீட்டார் எழுந்திருப்பதற்குள் அன்றைய வேலை முடிந்திருக்கும். மகன் ஐந்தரை மணியைக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் சலுகை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எழுந்திருக்க எழுப்புகிறவர் ஒருவர் வேண்டும் என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். திருப்பாவையில் 30 பாசுரங்கள், மார்கழிக்கு நாள் ஒன்றுக்கு ஒன்று. நோன்பு, நீராட்டம், விலக்க வேண்டிய உணவு எல்லாம் முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன. ஆனால் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை ஆண்டாள் என்ன செய்கிறாள்? வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறாள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு எழுப்புவதற்கே போய்விடுகிறது. வைணவப் பெரியவர்கள் இதற்கு அடியார் கூட்டத்தோடு சேர்ந்து இறைவனை அடைவது என்று ஆழமான பொருள் சொல்வார்கள். என் அறிவுக்கு எட்டிய மட்டில் சொல்கிறேன்: குளிர்காலத்து விடியலில் தனியாக எழுந்திருப்பது கஷ்டம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. விடுதி மாணவர்களுக்கும் தெரியும். அறைத் தோழன் எழுப்பினால் திட்டிக்கொண்டாவது எழுந்துவிடுவோம். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவோம்.

எண்ணிப் பார்க்கும் பழக்கத்தில் ஒரு வலை இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 1924 டிசம்பரில் பெல்காமில் காங்கிரஸ் கூடியது. காந்தி தலைமை வகித்த ஒரே மாநாடு அதுதான். தினமும் அரைமணி நேரமாவது நூற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக நாலணா சந்தாவை எடுத்துவிட்டு, மாதம் 2,000 கஜம் நூல் தருகிறவரே உறுப்பினர் என்று விதி செய்தார்கள். தெளிவான இலக்கு, தெளிவான எண். ஆனால் அதில் ஒரு வாசல் திறந்திருந்தது: உடல்நலம் இல்லாதவரும், நூற்க மனமில்லாதவரும் வேறொருவர் நூற்ற நூலைத் தரலாம். விளைவு, காசு கொடுத்து நூல் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. கணக்கில் 2,000 கஜம் சரியாக இருக்கும். வீட்டில் ராட்டை சுற்றியிருக்காது. அடுத்த ஆண்டே, 1925 செப்டம்பரில் பாட்னாவில், நாலணா சந்தா திரும்ப வந்தது. காந்தி மட்டும் தம் ராட்டையைக் கடைசிவரை விடவில்லை. தினமும் 10,000 அடி நடப்பதாகச் சபதம் செய்துவிட்டு, இரவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி செல்போனை ஆட்டி அடி எண்ணிக்கையைக் கூட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பெல்காம் நினைவு வரும்.

விட்டுப்போன நாட்களை என்ன செய்வது? இதற்கு அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் நல்ல சாட்சி. 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, சின்னப் புத்தகத்தில் வாரத்துக்கு ஒரு பக்கம் கோடு போட்டு, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரம் ஒரு குணத்தின்மேல் மட்டும் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. முதலில் 12 குணங்கள்தான் இருந்தன. உனக்குக் கர்வம் என்று ஒரு நண்பர் சொன்ன பிறகு அடக்கம் பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. அவரைக் கடைசிவரை தோற்கடித்தது ‘ஒழுங்கு’ என்ற குணம். பொருளைப் பொருளின் இடத்தில் வைப்பது, வேலையை வேலையின் நேரத்தில் செய்வது. முதுமையில் சுயசரிதை எழுதும்போது, அதில் தாம் தேறவே இல்லை என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். மேசை கலைந்து கிடக்கும் மாணவர்கள் மகிழலாம்.

வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதிய உளவியல் நூலில், புதுப் பழக்கம் வேரூன்றும் வரை ஒரு விதிவிலக்கும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நூறாண்டுக்குப் பிறகு அது அப்படியில்லை என்று தெரிந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். காலை உணவுக்குப் பின், மதிய உணவோடு என்று ஒரு நேரத்தோடு முடிச்சுப் போட்டு ஒவ்வொருவரும் ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தார்கள். நினைக்காமலே செய்யும் நிலைக்கு வர ஆகும் என்று அதை வைத்து அவர்கள் கணித்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடு அளவு 66. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி நேரமெடுத்தது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் இல்லை.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகம். அறுவைக்குப் பின் புதிய முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘குறைந்தது’ வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 22ஆம் நாள் மனம் தளர்ந்து விட்டவர்கள் எத்தனை பேரோ!

நம் ஊரிலும் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. உ.வே. சாமிநாதையர் 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது 85 வயதை எட்டிக்கொண்டிருந்தார். ஏடு தேடி அலைந்து பதிப்பித்த வேலையெல்லாம் முடிந்து, ஓய்வு எடுத்துக்கொள்ள வேண்டிய வயது. வாரம் ஓர் அத்தியாயம் என்று பத்திரிகை அளவு வைத்தது. மாணவர் கி.வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்தார். 122 அத்தியாயங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கதை மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நிற்கிறது. ‘வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும்’ என்று மட்டும் அவர் நினைத்திருந்தால் இந்த அளவாவது வந்திருக்குமா என்பது சந்தேகம். வாரா வாரம் விகடன் கேட்டது. வாரா வாரம் அவர் கொடுத்தார்.

ஒரு கேள்வி உங்களில் சிலருக்கு எழுந்திருக்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் எழுதினால் அது இலக்கியமா? டிரோலப் இறந்தபின் 1883இல் சுயசரிதை வெளிவந்தபோது பலர் இதையேதான் கேட்டார்கள். பக்கக் கணக்கும், ஒவ்வொரு நாவலுக்கும் என்ன கிடைத்தது என்று பைசா சுத்தமாகப் போட்ட வரவுப் பட்டியலும் அவர்களுக்கு அருவருப்பாக இருந்தன. அவர் மதிப்பே சில காலம் இறங்கிப்போனது. என் அபிப்பிராயம் கேட்டால், 47இல் பலவற்றை இரண்டாம் முறை படிக்க மாட்டேன். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலை எத்தனை முறையும் படிப்பேன். 1875இல் வந்த, பங்குச் சந்தை மோசடிக்காரன் ஒருவனைச் சுற்றி நடக்கும் ‘தி வே வீ லிவ் நவ்’ நூறு அத்தியாயம். இன்றைய செய்தித்தாளைப் படிப்பதுபோல இருக்கிறது. எந்த நாள் காலை எழுதியது நிற்கும், எந்த நாள் எழுதியது நிற்காது என்று எழுதும்போது அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

கேள்வி நேரத்துக்கு அரைமணி ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் இலக்கு என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. அதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு, எதற்குமேல் போவதில்லை, உங்களை யார் எழுப்புவார்கள் என்று யாராவது சொல்ல முன்வந்தால், மேடையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.